முனை மழுக்கிய தகடு

கேட்டில் செல்ஃபோன்கள் இரண்டையும் வாங்கி மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்ட செக்யூரிட்டி, பதிலுக்கு ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார். வாலுக்கு அது காதுவரை இறங்கியது.

“அண்ணே, இதுக்கேத்த மாதிரி தலையைப் பெருசாக்குற மெஷின் ஏதாவது உள்ள தயாராகுதா?”

செக்யூரிட்டி சிரிக்கவில்லை. அந்தக் கம்பெனியில் ஒரு வாரமாக யாருமே சிரிப்பதில்லை.

வால் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. சித்தி எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனதால் வந்து சேர்ந்தது. சித்தி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று போய்ப் பார்த்துச் சொல்கிற வேலை. வேலையை விட்ட பிறகும் வம்புகள் அவளை விடவில்லை. ஊரில் அவளைக் கிளெய்ம் அம்மா என்பார்கள். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளிய வாலுக்கு, துப்பறிகிறவர்கள் என்றால் பனி கொட்டுகிற தெருவில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடக்க வேண்டும். சித்தி குடையும் கைப்பையுமாக, முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டு நடந்தாள்.

அன்று காலை சித்தியைத் தேடி வந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எதிரே வண்டி வருவது போலவே பார்த்துக்கொண்டு பேசினார். அவர் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பிரஸ் மெஷின் தயாரிக்கும் இந்தக் கம்பெனியில் மூன்று மாத இன்டெர்ன்ஷிப்புக்குச் சேர்ந்திருந்தாள். தகட்டை வைத்தால் ஒரே இடியில் அதைப் பாத்திரமாகவோ கார் பானெட்டாகவோ ஆக்கிவிடும் மெஷின். போன வாரம் அதில் தகட்டுக்குப் பதிலாக ஒரு ஃபிட்டரின் வலது கை இருந்தது.

அந்த மெஷினின் முன்னால் ஒரு இரும்பு வலைக் கதவு இருக்கும், அது மூடியிருந்தால்தான் மெஷின் இறங்கும், திறந்தால் நின்றுவிடும் என்று டிரைவர் சொன்னார். மகள் முன்பு எப்போதோ சொன்னதைப் பாடம் பண்ணி வைத்திருந்தார் போலிருந்தது. தன் ப்ராஜெக்டுக்கு அளவெடுக்க அந்தப் பெண்தான் கதவைக் கழற்றி, சுவிட்சிலும் ஏதோ பண்ணிவிட்டு, திரும்ப மாட்டாமல் போய்விட்டாள் என்று கம்பெனி சொல்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் விசாரணை. காலேஜிலிருந்து புரொபசர் வருகிறார். அவளே பண்ணினாள் என்று முடிவானால் காலேஜிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு போலீஸ். பெண்ணோ வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“சைக்கிள் செயின் மாட்டினாக்கூட ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் மேடம் ஏறுவா,” என்றார் டிரைவர். “அவளா மறந்துட்டுப் போவா?”

மேனேஜர் மரியாதையாகவே நடந்துகொண்டார். குடும்பத்தின் சார்பில் ஒருவர் வந்து பார்ப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் எதையும் படம் எடுக்கக் கூடாது, சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும் என்றார். கூட அனுப்பிய ஆளை அங்கே எல்லோரும் சேஃப்டி என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒல்லியாக, நான்கு நாள் தூங்காத கண்களோடு, முன்னால் வேகமாக நடந்தார்.

டெஸ்டிங் ஷெட் ஒரு கப்பலின் வயிறு போல நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் பச்சைப் பெயின்ட் மணக்க, ஆளைவிட இரண்டு மடங்கு உயரமாகப் புது மெஷின்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது. ரத்தத்தை நன்றாகவே துடைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு வலைக் கதவு சாய்த்து வைத்திருந்தது.

வால் மெஷினைப் பார்த்தான். சித்தி கதவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இந்த மெஷினுக்கு என்ன வயசு?”

“போன மாசம்தான் மேடம் முடிச்சோம்,” என்றார் சேஃப்டி.

“கதவுக்கு?”

சேஃப்டி வாட்சைப் பார்த்தார். சித்தி வாலைக் கூப்பிட்டுக் கதவில் போல்ட் போடும் ஓட்டைகளைக் காட்டினாள். நான்கு ஓட்டைகளும் வட்டமாக இல்லாமல் முட்டை போல நீண்டிருந்தன. சுற்றிப் பெயின்ட் போய், இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. அடிக்கடி கழற்றி மாட்டிய ஓட்டைகள். போன மாதம் பிறந்த மெஷினுக்குப் பல் விழுந்த கதவு.

வாலுக்குப் பொறி தட்டியது. ஷெட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். வேறு எந்த மெஷினிலும் கதவு இல்லை.

“புரிஞ்சுபோச்சு சித்தி. வீட்ல நாலு பசங்க, நல்ல சட்டை ஒண்ணே ஒண்ணு. யாரு இன்டர்வியூவுக்குப் போறானோ அவன் போட்டுக்குவான்.”

சேஃப்டி பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே சொன்னார். கதவு செய்து கொடுப்பவர்கள் தாமதம் பண்ணினார்கள். மாதிரிக்கு வந்த ஒரு கதவுதான் இருந்தது. மெஷின் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆள் பார்க்க வந்தால், அவர் பார்க்கப்போகும் மெஷினில் அதை மாட்டுவார்கள். அவர் போனதும் கழற்றி அடுத்ததற்கு வைத்துக்கொள்வார்கள். முதலில் ஒரு தடவைதான் என்று ஆரம்பித்தது. பிறகு பழகிவிட்டது.

“அடிபட்ட அன்னைக்கு எதுல இருந்துச்சு?”

சித்தி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவை விட்டுவிட்டு மெஷின் பக்கம் போய்க் குனிந்தாள். வால் அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டான். அடிபட்ட மெஷினில் கதவு மாட்ட நான்கு ஓட்டைகள் இருந்தன. சுற்றிலும் பெயின்ட் சிறு கீறல்கூட இல்லாமல் வழவழப்பாக இருந்தது. அடுத்த மெஷினுக்கு ஓடினான். அங்கே நான்கு ஓட்டைகளையும் சுற்றி, மேஜையில் ஈர டம்ளர் வைத்து எடுத்தது போல, பெயின்டில் அழுத்தமாக ஒரு வளையம். போல்ட்டை இறுக்கிய அடையாளம்.

“சித்தி, கதவு இந்த மெஷின்லதான் இருந்திருக்கு. அதுல வளையமே இல்ல. அது கதவையே பாத்ததில்ல.” ஷெட்டின் கடைசிவரை கேட்கிற குரலில் சொன்னான். “போட்டுக்காத சட்டையை அந்தப் பொண்ணு எப்படிக் கழட்டும்?”

தூரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தியும் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று வால் எடுத்துக்கொண்டான்.

“அது சரி,” என்றாள் சித்தி. “கதவே இல்லாம இதெல்லாம் எப்படி ஓடுது?”

கேட்டுக்கொண்டே வளையம் இருந்த மெஷினின் பக்கவாட்டில் கையை விட்டுத் தடவினாள். சுவிட்ச் இருந்த இடத்திலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு ‘டக்’கென்று கழன்று வந்தது. அதன் பின்னால் ஒரு காந்தம். கதவில் இருக்க வேண்டிய காந்தம். அதைச் சுவிட்சில் ஒட்டிவிட்டால், கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். ஷெட்டில் அதைப் பொய்க்கதவு என்பார்கள் என்றார் சேஃப்டி. எல்லா மெஷினிலும் ஒன்று உண்டு. அடிபட்ட மெஷினில் இருந்ததை மட்டும் அன்றைக்கே யாரோ எடுத்துவிட்டார்கள்.

“பாவம்,” என்றான் வால். “இவ்ளோ பெரிய மெஷின், இவ்ளோ சின்னப் பொய்யை நம்புது.”

சித்தி சிரிக்கவில்லை. தகட்டின் ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள். ஒரு முனை, அடுத்த முனை, நான்கு முனையும். அவள் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று அணைந்தது.

“இதை யாரு செஞ்சது?”

தெரியாது, கொஞ்ச நாளாகத்தான் இருக்கிறது, முன்னால் வெறும் காந்தத்தை மரச்சில்லால் முட்டுக்கொடுத்து வைப்பார்கள், அது அடிக்கடி விழுந்துவிடும் என்றார் சேஃப்டி. இதை எடுத்துக்கொண்டு போகலாமா என்று சித்தி கேட்டதற்கு, தாராளமாக என்றார். கொஞ்சம் அதிகத் தாராளமாகவே சொன்னார். நல்ல மனுஷன் என்று வால் நினைத்தான்.

வெளியே காத்திருந்த டிரைவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வால் விசிலடித்தான். கேஸ் முடிந்துவிட்டது என்று அவரிடமே சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்வரை விடவில்லை. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மகளின் அறையில் கட்டில், மேஜை, சுவரில் ஒரு மின்விசிறியின் வரைபடம். அவளே வரைந்தது. பெண் தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்திருந்தாள். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. டிரைவர் டீ போடச் சமையலறைக்குப் போனார்.

மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஒரு சின்ன இரும்புத் துண்டைச் சித்தி எடுத்தாள். காலேஜ் பட்டறையில் முதல் வருஷம் செய்ததா என்று கேட்டாள். பெண் தலையாட்டினாள். சித்தி கைப்பையிலிருந்து தகட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டிலும் நான்கு முனையும் ஒரே மாதிரி, அரம் போட்டு, குழந்தையின் நகம் போல மழுக்கியிருந்தது.

வாலின் வாயில் தயாராக இருந்த ஜோக் அப்படியே நின்றது.

“ஷெட்ல இருக்கறவங்க இந்த மாதிரி ஒண்ணை வெட்டுவாங்க, ஒட்டுவாங்க, போயிட்டே இருப்பாங்க,” என்றாள் சித்தி. “கண்ணுக்கே தெரியாத எடத்துல இருக்கற துண்டுக்கு நாலு முனையும் தேய்ச்சுட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. மார்க்கைக் கொறைச்சிடுவாங்கன்னு பயந்த கைதான் அதைச் செய்யும்.”

“மார்க்குக்கு இல்ல,” என்றாள் பெண். ஒரு வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். “கூரா விட்டா, மாட்டும்போது யாரு கையையாவது கிழிச்சிரும்னு.”

சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் மாதம் முழுக்க அவளுக்கு ஒரு ஸ்டூல் மட்டும்தான் கொடுத்தார்கள். எதையும் தொடாதே, ஓரமாக உட்கார் என்றார்கள். இப்போது கை போயிருக்கிற ஃபிட்டர் அண்ணன்தான் பார்த்துப் பாவப்பட்டு, பாப்பா என்று கூப்பிட்டு, ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மரச்சில்லு விழுந்து விழுந்து மெஷின் நிற்கிறது, மேலே திட்டு வாங்கி முடியவில்லை, இதற்கு ஒரு வழி பண்ணேன் என்று ஒருநாள் கேட்டார். மெஷின் புரிந்து அவள் செய்த முதல் பொருள் அது. ஒரே அழுத்தில் ஒட்டியது. விழவே இல்லை. ஷெட்டே கைதட்டியது. எல்லா மெஷினுக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். அளவு சரிபார்க்கிற செட்டிங் நேரத்தில் மட்டும் மாட்டுவார்கள் என்று நினைத்தாள். கதவே வராது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“மரச்சில்லா இருந்திருந்தா அன்னைக்கு விழுந்திருக்கும் மேடம். மெஷின் நின்னிருக்கும்.” அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “நான்தான் விழாத மாதிரி செஞ்சேன்.”

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று வால் கேட்டான். சொன்னால் யார் செய்யச் சொன்னது என்று கேட்பார்கள், அண்ணன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றாள். அதற்குமேல் சித்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்ஷூரன்ஸில் அவள் பார்த்த கதைதான். ஆபத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவன் என்று ஒரு வரி எழுதிவிட்டால், கை போன மனுஷனுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஃபிட்டருக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

சித்தி யோசித்து ஒரு வழி சொன்னாள். தகட்டை மறைக்க வேண்டாம், செய்தேன் என்று இவளே சொல்லட்டும். எல்லா மெஷினிலும் அது இருக்கிறது என்பதையும், அடிபட்ட மெஷினில் கதவே இருந்ததில்லை என்பதையும் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டுவோம். அப்போது கேள்வி கம்பெனியைப் பார்த்துத் திரும்பும். ஃபிட்டர் பெயர் வரவே வராது. பெண் தலையாட்டினாள். எழுந்து முகம் கழுவினாள். டிரைவர் கொண்டுவந்த டீயைப் பாதி குடித்தாள். அதைப் பார்த்து அவர் வாசல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. மேனேஜர், பக்கத்தில் சேஃப்டி, எதிரே காலேஜ் புரொபசர். அவர் வந்ததிலிருந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டிரைவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பெண் தகட்டை மேஜைமேல் வைத்தாள்.

“இது நான் செஞ்சது சார். எல்லா மெஷினுக்கும் செஞ்சேன். எல்லாத்திலயும் இருக்கு. எடுத்துப் போட்ருங்க.”

மேனேஜர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நன்றி, ஒரு வாரமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். யார் செய்யச் சொன்னது என்று மென்மையாகக் கேட்டார்.

“யாரும் சொல்லல.”

சித்தி எழுந்தாள். பேசுவதைவிடப் பார்ப்பது நல்லது, எல்லோரும் ஷெட்டுக்கு வாருங்கள் என்றாள். மேனேஜர் உடனே எழுந்துவிட்டார். அந்த அவசரத்தில் எங்கோ இடித்தது வாலுக்கு.

ஷெட்டின் கதவைத் தாண்டியதுமே பெயின்ட் வாசனை முகத்தில் அடித்தது. காலையில் இருந்ததைவிடப் பலமாக.

ரிப்பன் கட்டிய மெஷினில் வலைக் கதவு மாட்டியிருந்தது. இந்தப் பெண் கழற்றும் முன் இருந்த நிலையைப் புரொபசருக்குக் காட்டுவதற்காக மாட்டினோம் என்றார் மேனேஜர். கழற்றிக் காட்டச் சொன்னார். நான்கு ஓட்டைகளைச் சுற்றியும் அழகான, அழுத்தமான வளையங்கள். அடுத்த மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. வால் விரலை வைத்தான். பச்சை ஒட்டிக்கொண்டது. சித்தி ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சுவிட்சைத் தடவினாள். எல்லாம் காலி.

வாலுக்குத் தன் குரல் காதில் கேட்டது. காலையில் ஷெட் முழுக்கக் கேட்ட குரல். எதை அழிக்க வேண்டும், எதை எங்கே வரைய வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தான். சேஃப்டி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தகட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் இவர்தான். ஷெட்டில் இருந்த எல்லாப் பொய்களிலும் மிஞ்சியது, சித்தியின் கைப்பையில் பத்திரமாகப் போய் வந்த அந்த ஒன்றுதான். அதில்தான் அந்தப் பெண்ணின் கை இருந்தது.

“மீதியெல்லாம் எங்கம்மா?” என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை. புரொபசரிடம், மற்ற மெஷின்களுக்குக் கதவு வரும்வரை எதையும் ஓட்டுவதே இல்லை, அது கம்பெனியின் கண்டிப்பான விதி என்று விளக்கினார்.

“இருந்துச்சு சார்,” என்றாள் பெண். அவ்வளவுதான். சித்தி காலையில் பார்த்ததையெல்லாம் சொன்னாள். புரொபசர் கேட்டுக்கொண்டார். கண்ணால் பார்ப்பதைத்தானே எழுத முடியும் என்றார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

கேட்டை நோக்கி நடந்தார்கள். பெண் சித்திக்கும் வாலுக்கும் நடுவில், தூக்கத்தில் நடப்பவள் போல நடந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வால் தேடினான். உள்ளே ஒன்றுமே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது. தரை வழியாக முதலில் காலுக்கு வந்து, பிறகு காதுக்கு வந்தது. தட். கொஞ்சம் இடைவெளி. தட்.

சித்தி நின்றாள்.

“கதவு மொத்தம் ஒண்ணு,” என்றாள். “அது இருக்கற மெஷினுக்கு ரிப்பன் கட்டியிருக்கு. அப்ப ஓடுறது எது?”

வால் கேட்டுக்கு ஓடினான். புரொபசரின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டி, கேளுங்க சார், இந்தச் சத்தத்தைக் கேளுங்க என்றான். அவர் கேட்டார். கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கண்ணாடி மேலே ஏறி மூடிக்கொண்டது. கார் போய்விட்டது.

பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஒவ்வொரு இடிக்கும் அவள் வலது கை விரல்கள் தானாக மடங்கின.

எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வந்தார். மகள் முகத்தையும் சித்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் ஒன்றும் பிடிபடாமல், உள்ளேயிருந்து வரும் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

“மெஷினெல்லாம் ஓட ஆரம்பிச்சிருச்சு போல,” என்றார். “அப்ப எல்லாம் சரியாயிருச்சா தம்பி?”